முன்பட்டையில் கை வைக்கும் முன்: பிக்கப் உரிமையாளர்கள் அறிய வேண்டியவை

பிக்கப் வண்டியின் முன்பக்கம் கொஞ்சம் தாழ்ந்துவிட்டால் நம் ஊரில் கிடைக்கும் யோசனை ஒன்றுதான்: "ஒரு பட்டை சேர்த்துப் போடு, சரியாயிடும்." சொல்பவர் ஸ்டாண்டில் கூட நிற்கும் டிரைவராக இருப்பார், அல்லது மச்சானாக இருப்பார். ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலில் ஜாக்கி போடுவார்கள். பழைய இரும்புக் கடையில் வாங்கிய வேறு ஏதோ வண்டியின் ஸ்பிரிங் பட்டையை வெட்டி நுழைப்பார்கள். கழற்றிய யூ-போல்ட்டையே திரும்ப மாட்டி முறுக்குவார்கள். திங்கள் விடியற்காலை அதே வண்டி தக்காளியோ தேங்காயோ ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் ஓடும்.

இப்படி மாற்றிய வண்டிகளைத் தொடர்ந்து பார்க்கிறேன். சில எஃப்.சி. (தகுதிச் சான்று) ஆய்வில் மாட்டி நிற்கின்றன. சில விபத்துக்குப் பிறகு காவல் நிலைய வாசலில் கிடக்கின்றன. உரிமையாளர் கையில் ஒரு பில் இருக்காது, ஒரு கடிதம் இருக்காது. "எல்லாரும் இப்படித்தானே சார் போடுறாங்க" என்ற பதில் மட்டும் இருக்கும். அந்தப் பதிலை ஆர்.டி.ஓ. அலுவலகமும் ஏற்காது, இன்சூரன்ஸ் கம்பெனியும் ஏற்காது, நீதிமன்றமும் ஏற்காது.

முதலிலேயே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பட்டை சேர்ப்பதால் உங்கள் வண்டியின் அனுமதிக்கப்பட்ட எடை ஒரு கிலோ கூட உயராது. ஆர்.சி.யில் அச்சிட்டிருக்கும் மொத்த எடைதான் எல்லை. அந்த எடை பட்டையை மட்டும் வைத்து முடிவானதல்ல. சேஸிஸ், அச்சு, வீல் பேரிங், பிரேக், டயர், ஸ்டீயரிங் எல்லாவற்றையும் சேர்த்துத் தயாரிப்பாளர் சோதித்து வாங்கிய எண் அது. பட்டையை மட்டும் கெட்டியாக்கினால் மற்ற பாகங்கள் கெட்டியாவதில்லை. வண்டி தாழாமல் நிற்பதைப் பார்த்து இன்னும் கொஞ்சம் ஏற்றலாம் என்று தோன்றும். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

வாசலில் செய்யும் வேலையில் என்ன கெடுகிறது

பட்டைக்கான எஃகைச் சூடேற்றி, எண்ணெயில் குளிரவைத்து, மறுபடி பதப்படுத்தித் தயாரிக்கிறார்கள். வெல்டிங் சூடு பட்ட இடத்தில் அந்தப் பதம் போய்விடும். வெளியே பார்க்க உறுதியாகத் தெரிந்தாலும், உள்ளே முறியும் குணம் வந்துவிடும். உடைந்த பட்டையை வெல்டு வைத்து ஓட்டுவதோ, பட்டையில் கேஸ் கட்டர் வைத்து ஓட்டை போடுவதோ எந்தக் காரணத்துக்காகவும் கூடாது.

அடுத்தது யூ-போல்ட். பட்டைக் கட்டை அச்சோடு இறுக்கிப் பிடிப்பது அதுதான். ஒருமுறை முழு இறுக்கம் வாங்கிய யூ-போல்ட் நீண்டிருக்கும், மரையும் தேய்ந்திருக்கும். கழற்றினால் புதிது போட வேண்டும் என்பது பட்டறைத் தொழிலின் அடிப்படை விதி. ஒரு பட்டை சேர்த்ததும் கட்டின் உயரம் கூடிவிடுவதால் பழைய யூ-போல்ட் நீளம் போதாது. நட்டுக்கு வெளியே மரை தெரியவே தெரியாது. அப்படி ஒரு வண்டியின் முன் சக்கரத்துக்கு அடியில் குனிந்து பார்த்தேன். நட்டின் கடைசி மரை போல்ட்டைப் பிடிக்கவே இல்லை. சென்டர் போல்ட் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. இடப்பக்க அச்சு ஒரு விரல் அளவு பின்னுக்கு நகர்ந்திருந்தது. "ஸ்டீயரிங் கொஞ்சம் இழுக்குது" என்றுதான் ஓட்டுநர் சொல்லிக்கொண்டிருந்தார்.

மூன்றாவது, பிரேக் ஹோஸ். முன்பக்கத்தை உயர்த்தினால், பள்ளத்தில் சக்கரம் முழுதாகக் கீழே இறங்கும்போது ஹோஸ் இழுபடும். தரையில் நிற்கும்போது பார்த்தால் எதுவும் தெரியாது. ஓட்டத்தில்தான் அறுபடும்.

நான்காவது, ஸ்டீயரிங் கோணங்கள். முன்அச்சின் சாய்வு மாறினால் திருப்பிய ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்பாது. டை ராட், டிராக் லிங்க் கோணம் மாறினால் மேடு பள்ளத்தில் ஸ்டீயரிங் தானாக வெட்டும். முகப்பு விளக்கின் ஒளியும் மேலே ஏறி எதிரே வருபவரின் கண்ணைக் கூச வைக்கும்.

பின்பட்டையைச் சேர்த்தும் உயர்த்துகிறார்கள். பல பிக்கப்களில் பின்அச்சுக்கும் சேஸிஸுக்கும் நடுவே ஒரு கம்பி ஒரு வால்வை இயக்கும். லோடு ஏறி வண்டி தாழும்போது அந்த வால்வு பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும். பின்பக்கத்தை உயர்த்திவிட்டு வால்வைச் சரிசெய்யாமல் விட்டால், முழு லோடோடு போகும்போதும் வண்டி காலியாக இருப்பதுபோலவே வால்வு வேலை செய்யும். பின் பிரேக் பிடிக்க வேண்டிய அளவுக்குப் பிடிக்காது.

காயில் ஸ்பிரிங் உள்ள பெரிய பிக்கப்களில் மேலே ஸ்பேசர் வைத்து உயர்த்தும் மோகம் இளைஞர்களிடம் பரவியிருக்கிறது. அழுத்தி வைத்த காயில் ஸ்பிரிங் கையை மீறித் தெறித்தால் எலும்பு நொறுங்கும், உயிரும் போகும். அதற்கான கம்ப்ரெஸர் கருவி இல்லாமல், முறையாகப் பழகாமல், அதைத் தொடவே கூடாது. பட்டையோ காயிலோ எதுவானாலும், ஜாக்கி மட்டும் தாங்கும் வண்டிக்கு அடியில் நுழையாதீர்கள். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான். தாங்கிப் பிடிக்க ஜாக்கி ஸ்டாண்டு வேண்டும். செங்கல்லும் மரக்கட்டையும் அதற்கு ஈடாகாது.

சட்டம் என்ன சொல்கிறது

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இதற்கானது. தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து ஆர்.சி. விவரங்கள் மாறுபடும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது என்கிறது அது. 2019 ஜனவரியில், கேரள உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றை எதிர்த்து வந்த வழக்கில், உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவை இதே பொருளில்தான் உறுதிசெய்தது.

அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தம் 182-ஏ பிரிவை மாற்றி எழுதியது. அனுமதியற்ற மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். "ஒவ்வொரு மாற்றத்துக்கும்" என்பதைக் கவனியுங்கள். குறைபாடு தெரிந்தே வண்டியை ஓட்டி, அதனால் விபத்து நேர்ந்தால் 190-ஆம் பிரிவும் சேரும். அதிக பாரத்துக்கு 194-ஆம் பிரிவின்படி 20,000 ரூபாய், அதோடு கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 ரூபாய். ஒரு டன் கூடினால் 22,000. இறக்குக் கூலியும் உங்கள் தலையில்தான், கூடுதல் பாரத்தை இறக்கும்வரை வண்டி நகரவும் முடியாது. உயிர் போனால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1) பிரிவு வரும். அலட்சியத்தால் மரணம் விளைவித்ததற்கு அதில் 5 ஆண்டு வரை சிறை உண்டு.

எது பராமரிப்பு, எது மாற்றம் என்ற குழப்பம் பலருக்கு இருக்கிறது. தேய்ந்த பட்டை, புஷ், ஷாக் அப்சார்பர், பால் ஜாயின்ட் ஆகியவற்றைக் கழற்றி, உங்கள் மாடலுக்கு உரிய அதே அளவுப் பாகத்தைப் போடுவது பராமரிப்பு. அதற்கு ஆர்.டி.ஓ. அனுமதி தேவையில்லை, பில் மட்டும் போதும். பட்டை எண்ணிக்கையைக் கூட்டுவது, வேறு மாடல் பட்டை போடுவது, ஸ்பேசர் வைப்பது, சேஸிஸில் பிராக்கெட் வெல்டு வைப்பது, அச்சையே மாற்றுவது ஆகியவை பராமரிப்பு ஆகாது.

ஜாக்கி எடுக்கும் முன் செய்ய வேண்டியவை

முதலில் எடைமேடைக்குப் போங்கள். வழக்கமாக ஏற்றும் லோடோடு முழு வண்டியையும் எடை போடுங்கள். பிறகு முன்சக்கரங்கள் மட்டும் மேடையில் நிற்கும்படி நிறுத்தி இன்னொரு சீட்டு வாங்குங்கள். முதல் சீட்டை ஆர்.சி.யின் மொத்த எடையோடும், இரண்டாவதை வண்டியின் தகட்டிலோ கையேட்டிலோ உள்ள முன்அச்சு எடையோடும் ஒப்பிடுங்கள். எடை கூடியிருந்தால் உங்கள் பிரச்சினை பட்டை அல்ல, லோடு. லோடைக் குறையுங்கள், அல்லது பெரிய வண்டிக்கு மாறுங்கள். வேறு தீர்வு கிடையாது.

எடை எல்லைக்குள் இருந்தும் முன்பக்கம் தாழ்கிறது என்றால் பாகம் தேய்ந்திருக்கிறது, அல்லது பாகத்தில் குறை இருக்கிறது. வாரண்டி இருந்தால் டீலரிடம் வாய்ப்பேச்சு வேண்டாம். ஜாப் கார்டில் "முன்பக்கம் தாழ்வு, இடம்/வலம் உயர வித்தியாசம்" என்று எழுதச் சொல்லிக் கையெழுத்திட்டு நகல் வாங்குங்கள். "பார்த்துக்கிறோம் சார்" என்று சொல்லி ஜாப் கார்டில் எழுதாமல் விடுவதுதான் பல சர்வீஸ் சென்டர்களின் வழக்கம். எழுதாத புகாரைப் பதிவு செய்யாத புகாராகவே பின்னால் எல்லோரும் நடத்துவார்கள்.

தயாரிப்பாளருக்கும் ஒரு கடிதம் அனுப்புங்கள். மின்னஞ்சலோடு, ஒப்புகையுடன் கூடிய விரைவு அஞ்சலிலும் போகட்டும். இப்படி எழுதினால் போதும்:

"என் வண்டியின் பதிவு எண், சேஸிஸ் எண், மாடல் ஆகியவை கீழே உள்ளன. ஆர்.சி.யின்படி மொத்த எடை ___ கிலோ. முன்பக்க சஸ்பென்ஷன் தாழ்ந்துள்ளது. எடைமேடைச் சீட்டுகளின் நகல் இணைத்துள்ளேன். (1) இந்தச் சேஸிஸ் எண்ணுக்கு உரிய முன்பட்டையின் பாக எண் என்ன? (2) இதே மாடலுக்கு உங்கள் நிறுவனம் அங்கீகரித்த கூடுதல் திறனுள்ள பட்டை உண்டா? (3) உண்டெனில், அதைப் பொருத்துவதால் அனுமதிக்கப்பட்ட மொத்த எடையோ அச்சு எடையோ மாறுமா? எழுத்தில் பதில் தர வேண்டுகிறேன்."

மூன்றாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். "மாறாது" என்ற பதில் கையில் இருந்தால் அடுத்த முறை யாராவது கூடுதல் லோடு ஏற்றச் சொல்லும்போது மறுப்பதற்கு அதுவே ஆதாரம்.

தயாரிப்பாளர் அங்கீகரித்த மாற்றம் என்று எழுத்தில் வந்தால், வேலைக்கு முன்பே உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போங்கள். விண்ணப்பத்தைப் பரிவாகன் இணையதளத்தில், வாகன மாற்றத்துக்கான சேவையின் கீழ் தொடங்கலாம். ஆர்.சி., எஃப்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று, தயாரிப்பாளரின் கடிதம் ஆகியவை வேண்டும். தவணையில் இருக்கும் வண்டி என்றால் நிதி நிறுவனத்தின் எழுத்துப்பூர்வ ஒப்புதலும் வேண்டும். அனுமதி வந்து வேலை முடிந்ததும் வண்டியைக் காட்டி ஆர்.சி.யில் பதிவு செய்யுங்கள். அன்றே இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதி, பாலிசியில் எண்டார்ஸ்மென்ட் வாங்குங்கள். ஆர்.சி.யில் ஏறி, பாலிசியில் ஏறாத மாற்றத்தால் பாதிப் பயன்தான்.

இடைத்தரகரிடம் ஆர்.சி.யைக் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார வேண்டாம். அவர் என்ன விண்ணப்பம் போட்டார், எதில் உங்கள் கையெழுத்தைப் போட்டார் என்பது உங்களுக்குத் தெரியாது. விண்ணப்ப எண்ணையும் ஒப்புகையையும் நீங்களே வாங்குங்கள்.

எஃப்.சி. நாளில்

சரக்கு வண்டிக்கு முதல் 8 ஆண்டுகள் வரை 2 ஆண்டுக்கு ஒருமுறையும், அதற்குப் பிறகு ஆண்டுதோறும் தகுதிச் சான்று வேண்டும். எஃப்.சி. இல்லாத சரக்கு வண்டியைப் பதிவே இல்லாத வண்டியாகத்தான் சட்டம் கருதும். எஃப்.சி.க்காக மட்டும் கூடுதல் பட்டையைக் கழற்றி, சான்று வாங்கியதும் திரும்ப மாட்டும் பழக்கம் ஊர் ஊராக இருக்கிறது. பிரேக் இன்ஸ்பெக்டருக்கும் இது தெரியும். தெரிந்தும், குனிந்து ஒரு முறை அடியில் பார்க்காமல் கையெழுத்துப் போடும் அதிகாரிகள் இருக்கிறார்கள். அவர்களுடைய கையெழுத்து உங்களைக் காப்பாற்றாது. விபத்துக்குப் பிறகு அதே துறையின் இன்னொரு ஆய்வாளர், 136-ஆம் பிரிவின் கீழ், அதே வண்டிக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்ப்பார்.

எஃப்.சி. மறுக்கப்பட்டால் "நாளைக்கு வா" என்ற வார்த்தையோடு திரும்பாதீர்கள். மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்று 56-ஆம் பிரிவே சொல்கிறது. கேட்டு வாங்குங்கள். காரணம் சரி என்றால் சரிசெய்து மறுபடி காட்டுங்கள். தவறு என்றால் 57-ஆம் பிரிவின்படி 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். யாரிடம் மேல்முறையீடு என்பதையும் அந்தக் கடிதத்திலேயே குறிப்பிடச் சொல்லுங்கள். எழுதித் தர மறுத்தால், 10 ரூபாய் கட்டணத்தோடு அந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் உரிமைச் சட்ட மனு போடுங்கள். அவர் 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். முதல்வரின் முகவரி 1100 எண்ணிலும் புகார் பதியலாம்.

இன்சூரன்ஸ் மறுத்தால்

வண்டியை நல்ல நிலையில் வைத்திருப்பது உரிமையாளரின் பொறுப்பு என்பது மோட்டார் பாலிசிகளின் வழக்கமான நிபந்தனை. சர்வேயர் வந்து சேர்த்த பட்டையைப் பார்த்தால் அதைத்தான் காட்டுவார். அடிபட்ட மூன்றாம் நபருக்குக் கம்பெனி இழப்பீடு கொடுத்துவிட்டு, அந்தத் தொகையை உரிமையாளரிடம் திரும்பக் கேட்கும் வழக்குகளும் உண்டு. அந்தத் தொகை உங்கள் வீட்டையும் நிலத்தையும் தொடும்.

ஆனால் கம்பெனி மறுத்தது என்பதற்காகவே எல்லாம் முடிந்துவிடவில்லை. அனுமதித்த எடையை மீறியது போன்ற நிபந்தனை மீறல்களுக்கு, ஏற்கத்தக்க தொகையில் 75 சதவீதம் வரை தரலாம் என்ற வழிகாட்டுதலை உச்ச நீதிமன்றம் 2010-ல் அமலேந்து சாகு வழக்கில் பயன்படுத்தியிருக்கிறது. எனவே முழு மறுப்புக் கடிதம் வந்ததும் ஓய்ந்துவிடாதீர்கள். வரிசையாகச் செய்யுங்கள்.

முதலில், மறுப்பை எழுத்தில் வாங்குங்கள். சர்வேயர் அறிக்கையின் நகலையும் மோட்டார் வாகன ஆய்வாளரின் ஆய்வறிக்கையையும் கேளுங்கள். ஆய்வறிக்கையில் "விபத்துக்கு இயந்திரக் கோளாறு காரணமல்ல" என்று இருந்தால் அந்த ஒரு வரி உங்கள் வழக்கின் பெரும்பலம்.

அடுத்து, கம்பெனியின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் பீமா பரோசா தளத்திலும், 155255 எண்ணிலும் புகார் பதியலாம். 30 நாளில் பதில் வராவிட்டாலும், பதில் திருப்தியாக இல்லாவிட்டாலும், சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன் அலுவலகத்துக்குப் போகலாம். கம்பெனியின் மறுப்புக்குப் பிறகு ஓராண்டுக்குள் போக வேண்டும். கட்டணமும் இல்லை, வக்கீலும் வேண்டாம்.

பட்டறை வேலையில் குறை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். குறை நேர்ந்த நாளிலிருந்து 2 ஆண்டு அவகாசம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. இ-ஜாக்ருதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். முதல் ஆலோசனைக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. "சரக்கு வண்டி வியாபாரத்துக்கு, நீ நுகர்வோரே இல்லை" என்று எதிர்த்தரப்பு நிச்சயம் சொல்லும். பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவர் நுகர்வோர்தான் என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் விளக்கமே சொல்கிறது. வண்டியை நீங்களே ஓட்டிப் பிழைக்கிறீர்கள் என்பதை மனுவின் முதல் பத்தியிலேயே எழுதுங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் பில் வேண்டும். துண்டுச் சீட்டில் "வேலை 2,500" என்று எழுதித் தந்தால் அது ஆதாரமாகாது. பாகத்தின் பெயர், பாக எண், செய்த வேலை, வண்டி எண், தேதி, கடையின் முத்திரை இருக்க வேண்டும். கழற்றிய பழைய பாகத்தைப் பட்டறையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள். வழக்கு வந்தால் அதுவும் சாட்சி.

ஏற்கெனவே சேர்த்துவிட்டீர்களா?

அப்படியானால் இந்த வாரமே சரிசெய்யுங்கள். அங்கீகாரமுள்ள பட்டறையில் கூடுதல் பட்டையை எடுத்து, உங்கள் மாடலுக்கு உரிய கட்டையும் புது யூ-போல்ட்டையும் போட்டு, வீல் அலைன்மென்ட் பார்த்து, பிரேக் ஹோஸையும் வால்வையும் சோதித்து, எல்லாவற்றுக்கும் பில் வாங்குங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு யூ-போல்ட்டை மறுபடி இறுக்கச் சொல்லுங்கள். வேலைக்கு முன்னும் பின்னும் படம் எடுத்து வையுங்கள்.

பழைய பிக்கப் வாங்குபவர்கள் முன்பணம் கொடுக்கும் முன் வண்டிக்கு அடியில் பாருங்கள். பட்டைகளில் ஒன்று மட்டும் நிறம் வேறாகவோ, துரு வேறாகவோ, நீளம் வேறாகவோ இருந்தால் அது பிறகு சேர்த்தது. ஆர்.சி. உங்கள் பெயருக்கு வந்த நாள் முதல் அந்தப் பட்டைக்கும் நீங்களே பொறுப்பு. விற்றவரைத் தேடிப் பிடிப்பது உங்கள் பாடு.

மறுபடியும் சொல்கிறேன். பட்டை சேர்ப்பதால் அனுமதி எடை கூடாது. கழற்றிய யூ-போல்ட்டைத் திரும்பப் போடாதீர்கள். பட்டையில் வெல்டிங் வேண்டாம். எழுத்தில் இல்லாத அனுமதி அனுமதியே அல்ல. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஜாக்கியை எடுப்பதற்கு முன்னால் எடைமேடைச் சீட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, தயாரிப்பாளருக்கு அந்த ஒரு கடிதத்தை எழுதுங்கள். பதில் வரும்வரை முன்பட்டையில் கை வைக்காதீர்கள்.